லேத்துக்கு ஜாப் ஏற்ற எந்த ரோபோ கை: பழைய பெரிய கை, புதிய சிறு கை, கோபாட் மூன்றுக்கும் ஓர் ஒப்பீடு

இரண்டு சிஎன்சி லேத்துகளை அருகருகே நிறுத்தி, பம்புகளுக்கான ஃபிளாஞ்சுகளையும் கப்ளிங்குகளையும் கடைந்து கொடுக்கும் ஒரு சிறு பட்டறையை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் அத்தகைய பட்டறைகளுக்குக் குறைவில்லை. இரவு ஷிஃப்ட்டுக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட நிலையில், கடைய வேண்டிய துண்டான ஜாப்பை ஏற்றி இறக்க ஒரு ரோபோ கை வாங்கிவிடலாம் என்று உரிமையாளர் தீர்மானித்துவிட்டார். எதை வாங்குவது என்பதே மிச்சமிருக்கும் கேள்வி. வாகனத் தொழிற்சாலை எதிலிருந்தோ கழித்துக்கட்டப்பட்ட பெரிய ஆறு அச்சு ரோபோ குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஐந்து முதல் ஏழு கிலோ தூக்கும் புதிய சிறு தொழில்துறை ரோபோ இரண்டாவது வழி. தடுப்பு வேலி இல்லாமல் ஆளுக்குப் பக்கத்திலேயே வேலை செய்யும் என்று சொல்லி விற்கப்படும் கோபாட் மூன்றாவது.

விளம்பரத் தாளில் முதலில் கண்ணில் படுவது எத்தனை கிலோ, எத்தனை மில்லிமீட்டர், என்ன விலை என்ற மூன்று எண்கள்தாம். அந்த எண்களை ஒப்பிட்டு முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் கையை நன்றாகவும் மூட்டைத் தவறாகவும் வாங்குகிறார்கள் என்பது என் கருத்து. ரோபோ கையின் ஆயுளும் துல்லியமும் பராமரிப்புச் செலவும் அதன் ஆறு மூட்டுகளுக்குள் இருக்கின்றன. எனவே மூட்டைப் புரிந்துகொண்ட பிறகே மூன்று வழிகளையும் எடைபோட முடியும்.

வேலையை முதலில் வரையறுத்துவிடுவோம். இஎன்8 என்ற வகை எஃகில் 80 மி.மீ. விட்டமும் 38 மி.மீ. நீளமும் கொண்ட உருண்டைத் துண்டு ஏறத்தாழ 1.5 கிலோ எடை இருக்கும். கடைந்த பிறகு 1.2 கிலோ என்று கொள்ளலாம். ஒரு முறை கடைய 90 வினாடி ஆகிறது. உள்ளே, வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் கூலன்ட் பீய்ச்சி அடிக்கிறது. கதவின் வெளிமுகத்திலிருந்து, ஜாப்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் மையம் வரை அரை மீட்டருக்கு மேல் ஆழம் இருக்கிறது. இந்த ஐந்து விவரங்களும் தெரிந்தாலே பாதி முடிவு தானாக வந்துவிடும்.

மூட்டுக்குள் இருப்பவை

1961இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்கு வந்த முதல் தொழில்துறை ரோபோவான யூனிமேட் ஹைட்ராலிக் அழுத்தத்தில் இயங்கியது. எண்ணெய்க் கசிவும் வெப்பத்துக்கேற்ப மாறும் வேகமும் அதன் கூடவே வந்தன. 1973இல் ஜெர்மனியின் கூக்கா உருவாக்கிய ஃபாமுலஸும், 1974இல் ஸ்வீடனின் ஏசியா வெளியிட்ட ஐஆர்பி 6உம் மின் மோட்டாருக்கு மாறின. பின்னதைக் கட்டுப்படுத்தியது இன்டெல் 8008 என்ற மைக்ரோபிராசசர். 1978இல் விக்டர் ஷைன்மன் வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்டு யூனிமேஷன் வெளியிட்ட பூமா, இன்றைய சிறு ஆறு அச்சுக் கைகளின் உருவத்தை ஏறக்குறைய நிலைநிறுத்திவிட்டது: சுழலும் அடிப்பகுதி, தோள், முழங்கை, மணிக்கட்டில் மூன்று அச்சுகள். அதன் முன்கையில் மணிக்கட்டு மோட்டார்கள் முழங்கைப் பக்கமாகப் பின்தள்ளி வைக்கப்பட்டிருந்தன. நுனியில் எடை குறையவும், இருக்கும் எடையே எதிர்ப்பாரமாக உதவவும் செய்த ஏற்பாடு அது.

உருவம் பெரிதாக மாறாவிட்டாலும் உள்ளே நிறைய மாறியிருக்கிறது. பூமாவில் பிரஷ் வைத்த டிசி மோட்டார்களும், தேயத் தேய இடைவெளியைக் கையால் சரிசெய்ய வேண்டிய பல்சக்கரத் தொடர்களும் இருந்தன. இன்று பிரஷ் இல்லாத சர்வோ மோட்டார், அதன் பின்னால் சுழற்சியை அளக்கும் என்கோடர், முன்னால் உயர் விகித கியர்பாக்ஸ், மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் விசையால் தானாகப் பிடித்துக்கொள்ளும் பிரேக், வெளியே ரப்பர் சீல் என்று மூட்டு ஒவ்வொன்றும் ஒரு தனி எந்திரமாகிவிட்டது. மூன்று வழிகளும் உண்மையில் பிரிவது இந்த கியர்பாக்ஸிலும் சீலிலும்தான்.

கியர்பாக்ஸுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதை ஒரு சிறு கணக்கு சொல்லிவிடும். ஒரு கோணப் பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு நிமிடக் கோண அளவுக்கு அடி மூட்டில் பேக்லாஷ், அதாவது பற்களுக்கு நடுவிலான தளர்வு, இருந்தால், ஒரு மீட்டர் நீட்டிய கையின் நுனியில் அது 0.29 மி.மீ. ஆகிவிடும். தோள் மூட்டில் இன்னொரு நிமிடம், முழங்கையில் இன்னொன்று என்று சேர்ந்தால் அரை மில்லிமீட்டரை எளிதாகத் தாண்டும். ஆகவே சாதாரண பிளானட்டரி கியர்பாக்ஸ் ரோபோ மூட்டுக்குப் பெரும்பாலும் போதாது. அந்த இடத்தில் இரண்டு வகைகள் ஆட்சி செய்கின்றன.

முதல் வகை ஹார்மோனிக் டிரைவ். 1950களில் அமெரிக்கப் பொறியாளர் வால்டன் மஸ்ஸர் கண்டுபிடித்த இதில், 200 பற்கள் கொண்ட மெல்லிய எஃகுக் கிண்ணம் ஒன்று 202 பற்கள் கொண்ட கெட்டியான வெளிவளையத்துக்குள் உட்கார்ந்திருக்கும் என்று கொள்ளுங்கள். கிண்ணத்தின் உள்ளே நீள்வட்ட வடிவில் ஒரு பேரிங் சுழலும்போது கிண்ணம் வளைந்து, எதிரெதிரான இரண்டு இடங்களில் மட்டும் பற்கள் கவ்வும். பேரிங் ஒரு முழுச் சுற்று சுற்றினால் கிண்ணம் இரண்டு பற்கள் மட்டுமே நகரும். அதாவது ஒரே படியில் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதம் கிடைக்கிறது. பேக்லாஷ் இல்லையென்றே சொல்லலாம், எடையும் குறைவு, நடுவே கேபிள் போகத் துளையும் விடலாம். ஆனால் அந்தக் கிண்ணம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வளைந்து நிமிர்கிறது. கடுமையான மோதல் ஒன்று வந்தால் பற்கள் ஒன்றையொன்று தாவிவிடவும், கிண்ணம் விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு.

இரண்டாம் வகை சைக்ளாய்டல் கியர்பாக்ஸ். ரோபோக்காரர்கள் ஆர்வி என்று அழைப்பது இதன் ஒரு வடிவம். முதற்படியில் சாதாரண பல்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்து, இரண்டாம் படியில் அலைபோன்ற விளிம்புள்ள தட்டுகள் வட்டமாக நிறுத்திய ஊசிகளின்மேல் உருண்டு செல்கின்றன. ஒரே நேரத்தில் பல ஊசிகள் சுமையைப் பகிர்ந்துகொள்வதால், சில கணங்களுக்கு மதிப்பிட்ட முறுக்குவிசையைப் போல் பல மடங்கைத் தாங்கும். கனம் அதிகம், விலை அதிகம், ஆனால் அடிவாங்கும் வேலைக்கு இதுவே உகந்தது. பெரிய ரோபோக்களின் அடி, தோள், முழங்கை மூட்டுகளில் இதுவும், மணிக்கட்டிலும் சிறு ரோபோக்களிலும் ஹார்மோனிக்கும் இருப்பது வழக்கம். கோபாட்களில் ஆறு மூட்டுகளிலும் ஹார்மோனிக் இருப்பது பொதுவாகக் காணப்படுவது.

பழைய பெரிய கை

கூக்கா கேஆர் 16 போன்ற ஒரு கையை எடுத்துக்கொண்டால் அதன் எடை 235 கிலோ, எட்டும் தூரம் 1611 மி.மீ., தூக்கும் சுமை 16 கிலோ. நம் ஒன்றரைக் கிலோ ஜாப்புக்கு இது மிகையான பலம். அந்த மிகைப் பலமே இதன் உண்மையான நன்மை: ஜாப்பைப் பிடிக்கும் கிரிப்பரையும் சேர்த்தால்கூட, மதிப்பிட்ட சுமையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் சுமக்கும் கியர்பாக்ஸ் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். எட்டும் தூரம் அதிகமாக இருப்பதால் இரண்டு லேத்துகளுக்கு நடுவில் நிறுத்தி இரண்டையும் பார்த்துக்கொள்ளச் செய்யலாம். இயந்திரப் பகுதியில் எனக்கு இதைப்பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை.

சிக்கல் கன்ட்ரோலர் அலமாரிக்குள் இருக்கிறது. கழித்துக்கட்டப்படும் ரோபோக்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு தலைமுறை முந்தைய கன்ட்ரோலரோடுதான் வரும். மோட்டாரை இயக்கும் சர்வோ டிரைவ் ஒன்று போனால் அதே பழைய போர்டைத் தேடி அலைய வேண்டும். ரோபோவுக்கு வேலையைக் கற்பிக்கும் கைப்பெட்டியான டீச் பெண்டன்ட்டின் திரையோ கேபிளோ பழுதானால் அதன் விலையைக் கேட்டு மலைக்க வேண்டும். மென்பொருளின் முழு பேக்கப் இல்லாமல் வரும் ரோபோவை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், உற்பத்திக்கு வாங்கக் கூடாது என்பேன்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் மூட்டுகளைச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. அது பெயின்ட்டைப் பார்ப்பதல்ல. தோள் மூட்டின் கிரீஸ் வடிகால் போல்ட்டைத் திறந்து, வெளியே வரும் கிரீஸை ஒரு வெள்ளைத் துணியில் தடவி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கருத்திருப்பது இயல்பு, அதில் வெள்ளிப்பொடி தூவியதுபோல் மினுமினுப்பு தெரிந்தால் பற்களோ ஊசிகளோ கரைந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். பல ரோபோக்களில் 3 ஆண்டுகளுக்கு அல்லது 11,520 மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ் மாற்றச் சொல்லும் அட்டவணை இருக்கிறது. அதைப் பின்பற்றிய பதிவேடு விற்பவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்து, கையை முழுவதும் கிடைமட்டமாக நீட்டி நிறுத்தி, சர்வோவை அணைத்துவிட்டு, நுனிக்குக் கீழே ஓர் அளவுகோலை வைத்துச் சில நிமிடங்கள் பாருங்கள். பிரேக் நல்ல நிலையில் இருந்தால் நுனி இறங்காது. மூன்றாவதாக, அடி மூட்டின் வழியே செல்லும் கேபிள் கட்டைத் திறந்து பார்ப்பது அவசியம். பல ஆண்டுகள் முறுக்குண்ட கேபிளில் உறை நன்றாக இருந்தாலும் உள்ளே இழைகள் அறுந்திருக்கும், அது சில கோணங்களில் மட்டும் வரும் புரியாத அலாரமாக வெளிப்படும்.

என்கோடரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல தயாரிப்புகளில், மோட்டார் எத்தனை முழுச்சுற்று சுற்றியது என்ற கணக்கை மின்சாரம் இல்லாத நேரத்தில் பேட்டரிதான் காப்பாற்றுகிறது. கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்த ரோபோவில் அந்த பேட்டரி தீர்ந்திருக்கும்; இயக்கியவுடன் தன் கை எங்கே இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. மூட்டுகளில் பொறித்த குறிகளை ஒன்றுக்கொன்று நேராக்கி, அந்த நிலையைத் தொடக்கமாகப் பதியும் மாஸ்டரிங்கை மறுபடி செய்தாக வேண்டும். முடியாத காரியம் இல்லை, ஆனால் தெரிந்தவர் கையில் இருக்க வேண்டும்.

கன்ட்ரோலரையே தூக்கிப்போட்டுவிட்டு, ஈதர்கேட் என்ற தொடர்பு முறையில் இயங்கும் சர்வோ டிரைவ்களும் லினக்ஸ்சிஎன்சி போன்ற திறந்த மென்பொருளும் வைத்துக் கையைப் புதுப்பிக்கும் வழியும் உண்டு. பூமா 560 வகைக் கைகளைப் பலர் அப்படி உயிர்ப்பித்திருக்கிறார்கள். லினக்ஸ்சிஎன்சியில் அதற்கான இயக்கக் கணிதமே உள்ளடங்கி வருகிறது. ஆனால் அண்மைக்கால ரோபோக்களில் என்கோடர் பேசும் மொழி தயாரிப்பாளரின் தனிச்சொத்தாக இருப்பதால், டிரைவை மாற்றினால் மோட்டாரையும் மாற்ற வேண்டிவரும். மோட்டாரை மாற்றினால் அடாப்டர் தட்டும் ஷாஃப்ட் இணைப்பும் புதிதாகக் கடைய வேண்டும். பிரேக்குக்குத் தனி மின்சுற்று, அவசர நிறுத்தத்துக்குத் தனி பாதுகாப்பு ரிலே என்று வேலை நீளும். பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்துக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது; ஆறு மூட்டையும் திறந்து பார்த்த மாணவர் கியர்பாக்ஸை ஆயுளுக்கும் மறக்க மாட்டார். மாதம் தவறாமல் ஜாப் அனுப்ப வேண்டிய பட்டறைக்கு இது சரிவராது.

புதிய சிறு கை

நம் வேலைக்குப் பொருந்தும் அளவில் ஃபானுக் எல்ஆர் மேட் 200ஐடி/7எல் ஓர் எடுத்துக்காட்டு: 7 கிலோ, 911 மி.மீ. ஏபிபி ஐஆர்பி 1200 வகையில் 5 கிலோவுக்கு 900 மி.மீ. அளவிலும், 7 கிலோவுக்கு 700 மி.மீ. அளவிலும் இரண்டு வடிவங்கள் உண்டு. இவற்றின் அலுமினியக் கைக்குள்ளேயே காற்றுக்குழாயும் சிக்னல் கம்பிகளும் மணிக்கட்டு வரை போகின்றன. பழைய ரோபோக்களில் வெளியே தொங்கும் குழாய்க்கட்டு லேத் கதவில் மாட்டிக் கிழிவது அன்றாடத் தொல்லை. கடந்த முப்பது ஆண்டுகளில் கையின் வடிவமைப்பில் வந்த திருத்தங்களில், லேத்துக்காரரின் கண்ணோட்டத்தில், இதுதான் மிகப் பெரியது என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது சீல். தூசியும் தண்ணீரும் புகாமல் காக்கும் அளவை ஐபி எண் சொல்கிறது; எல்ஆர் மேட் ஐபி67 பாதுகாப்போடு வருகிறது. ஐஆர்பி 1200க்கு அது ஆர்டரில் தனியாகக் குறிப்பிட வேண்டிய தெரிவு, குறிப்பிடாவிட்டால் தண்ணீர்க் காப்பில்லாத ஐபி40தான் வரும். இந்த ஒரு வரியை ஆர்டர் தாளில் விட்டுவிட்டுக் கூலன்டுக்குள் கையை நுழைத்தால் மணிக்கட்டு மூட்டு நெடுநாள் தாங்காது. ஐபி67 என்பதும் முழுக் காப்பு ஆகிவிடாது. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது; வெட்டு எண்ணெயில் கலந்திருக்கும் வேதிப்பொருள்கள் ரப்பரை உப்பச் செய்யுமா, இறுகச் செய்யுமா என்பதை அது சொல்லாது. நீங்கள் பயன்படுத்தும் கூலன்டின் பெயரைக் கொடுத்துத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குவது நல்லது.

வேகத்தையும் துல்லியத்தையும் பற்றி விற்பனையாளர்கள் நீண்ட நேரம் பேசுவார்கள். நம் வேலையில் இரண்டும் பெரிதாகக் கணக்கில் வருவதில்லை. 90 வினாடி கடையும் ஜாப்பில், மாற்றி ஏற்றும் வேலையில் இரண்டு வினாடி மிச்சமானாலும் நாள் உற்பத்தி ஏறத்தாழ இரண்டு சதவீதம்தான் உயரும். மீண்டும் மீண்டும் ஒரே புள்ளிக்குத் திரும்பும் திறன் இந்தக் கைகளில் 0.02 மி.மீ. அளவில் இருக்கிறது, ஆனால் ஜாப்பை மையப்படுத்தப் போவது லேத்தின் சக், ரோபோ அல்ல. சக்கின் தாடைகள் திறந்திருக்கும்போது சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அதற்குள் ஜாப்பைக் கொண்டுபோய் வைத்தால் போதும்.

குறை என்று பார்த்தால் வேலி. இந்தக் கை யாரையும் உணராது. முழு வேகத்தில் மோதினால் எலும்பு முறியும். ஆகவே சுற்றிலும் தடுப்பு, கதவைத் திறந்தால் ரோபோவை நிறுத்தும் இன்டர்லாக், உள்ளே போய் கற்பிக்கும்போது நுனி வேகம் நொடிக்கு 250 மி.மீ.க்கு மேல் போகாத கையியக்க நிலை ஆகியவை கட்டாயம். இடம் அடைபடும்; லேத்தில் வெட்டுமுனையான டிப்பை மாற்றப் போகும் ஆபரேட்டர் ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து மூட வேண்டும். நாள் முழுவதும் ஒரே ஜாப் ஓடினால் இது தொல்லையாகத் தெரியாது. ஒரு நாளில் மூன்று முறை ஜாப் மாறும் பட்டறையில் தெரியும்.

கோபாட்

டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் 2005இல் தொடங்கிய யுனிவர்சல் ரோபாட்ஸ் 2008இல் தன் முதல் கையை விற்றது. அதன் கைகளில் ஒன்றான யூஆர்5இ 5 கிலோ தூக்குகிறது, 850 மி.மீ. எட்டுகிறது, அதன் சொந்த எடை 20.6 கிலோதான். யூஆர்10இ 12.5 கிலோ தூக்கி 1300 மி.மீ. எட்டும், எடை 33.5 கிலோ. இரண்டு பேர் தூக்கி ஒரு மேசையில் வைத்து, சாதாரண ஒற்றைக்கட்ட மின்சாரத்தில் செருகி, அன்று மாலைக்குள் இயக்கிவிடலாம் என்பது மிகையல்ல.

வடிவமைப்பில் இது வேறு பாதை. வார்ப்பு உடலுக்குப் பதிலாக, அலுமினியக் குழாய்களால் இணைக்கப்பட்ட தனித்தனி மூட்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் மோட்டார், ஹார்மோனிக் கியர், பிரேக், டிரைவ் போர்டு எல்லாம் அடங்கிவிடுகின்றன. ஒரு மூட்டு பழுதானால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். மின்சாரம் கொடுத்து இயக்கும்போது பிரேக்குகள் டக், டக்கென்று விடுபட, மூட்டு ஒவ்வொன்றும் மெலிதாக அசைவதைப் பார்க்கலாம். எடை குறைக்க உராய்வுத் தட்டுக்குப் பதில் ஊசி மாட்டும் பிரேக் வைத்ததன் அடையாளம் அது. மோட்டார் மின்னோட்டத்திலிருந்தும், 2018இல் வந்த இ-வரிசை முதல் நுனியில் பதித்துள்ள விசை உணரியிலிருந்தும் மோதலை அறிந்து கை நின்றுவிடுகிறது. அந்த விசை உணரி நம் வேலைக்கும் நேரடியாகப் பயன்படும்: ஜாப்பைச் சக்கின் அடிமுகத்தில் மெதுவாக அழுத்தி உட்கார வைக்க அதைப் பயன்படுத்தலாம்.

ஆனால் வேலி வேண்டாம் என்ற பேச்சை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. மனித உடலில் எந்தப் பகுதி எவ்வளவு விசையைத் தாங்கும் என்று 2016இல் வந்த ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066 என்ற சர்வதேச ஆவணம் பட்டியலிட்டது. மனிதரின் கை அழுந்தும் நிலையில் 140 நியூட்டன், முகத்துக்கு 65 நியூட்டன் என்று வரம்புகள் போகின்றன. 2025இல் திருத்தி வெளியான ரோபோ பாதுகாப்புத் தரம் ஐஎஸ்ஓ 10218 அந்த உள்ளடக்கத்தைத் தனக்குள் சேர்த்துக்கொண்டதோடு, இணைந்து வேலை செய்யும் ரோபோ என்று ஒன்று கிடையாது, இணைந்து வேலை செய்யும் பயன்பாடுதான் உண்டு என்ற நிலைப்பாட்டையும் எடுத்தது. நம் ரோபோ கையில் பிடித்திருப்பது இப்போதுதான் கடைந்து இறக்கிய, விளிம்பில் பிசிர் நிற்கும் எஃகுத் துண்டு. கை மெதுவாகத் தொட்டாலும் அந்தப் பிசிர் கன்னத்தைக் கிழிக்கும். ஆகவே ஏதேனும் ஒரு தடுப்போ, ஆள் அருகில் வந்தால் வேகத்தைக் குறைக்கும் லேசர் ஸ்கேனரோ இங்கும் தேவைப்படும். அந்தச் செலவைச் சேர்க்காமல் கோபாட்டின் விலையைச் சிறு ரோபோவின் விலையோடு ஒப்பிடுவது சரியான ஒப்பீடாகாது.

இரண்டாவது தடை ஐபி54. தெறிக்கும் துளியைத் தாங்கும். பீய்ச்சி அடிக்கும் கூலன்டைத் தாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இதற்கென்று துணி உறைகள் கிடைக்கின்றன. அவற்றை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், உறைக்குள் மூட்டு சூடாகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிரிப்பர் முடிவு செய்யும் கணக்கு

இரண்டாம் வழிக்கும் மூன்றாம் வழிக்கும் நடுவே தீர்ப்புச் சொல்வது பெரும்பாலும் கிரிப்பர்தான். விளம்பரத் தாளில் உள்ள கிலோ, கிரிப்பரையும் சேர்த்துத்தான். லேத் கதவு திறந்திருக்கும் நேரம் வீணாகாமல் இருக்க, இரட்டை கிரிப்பர் வைப்பதுதான் நடைமுறை: ஒன்று கடைந்த ஜாப்பை எடுக்கும், கை திரும்பி மற்றொன்று புதிய துண்டை வைக்கும். இரண்டு நியூமேட்டிக் கிரிப்பர், தாடைகள், இணைப்புத் தட்டு எல்லாம் சேர்த்து 2.5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடுத்த ஜாப் 1.2 கிலோ, வைக்கப்போகும் துண்டு 1.5 கிலோ, இரண்டும் கையில் இருக்கும் கணத்தில் மொத்தம் 5.2 கிலோ. யூஆர்5இ அங்கேயே தோற்றுவிடுகிறது. 5 கிலோ வடிவ ஐஆர்பி 1200உம் அப்படியே. 7 கிலோ கை தாங்கும், ஆனால் எடையோடு நெம்பலையும் பார்க்க வேண்டும்: மணிக்கட்டின் முகத்திலிருந்து எடைமையம் 150 மி.மீ. தள்ளி இருந்தால் முறுக்கு ஏறத்தாழ 7.7 நியூட்டன் மீட்டர். மணிக்கட்டு அச்சுகளுக்குத் தயாரிப்பாளர் கொடுத்துள்ள வரம்போடு இதை ஒப்பிட்டுவிட்டே ஆர்டர் கொடுக்க வேண்டும்.

இணைப்புத் தட்டை எஃகில் செய்யாமல் அலுமினியத்தில் செய்து, சுமை போகாத இடங்களில் குடைந்து எடுத்தால் அரைக் கிலோவுக்கு மேல் மிச்சம் பிடிக்கலாம்; சொந்தப் பட்டறையிலேயே மில்லிங் இருந்தால் இதைவிட மலிவான திருத்தம் வேறு கிடையாது. மணிக்கட்டின் முகத்தில் 50 மி.மீ. வட்டத்தில் நான்கு எம்6 துளைகள் போன்ற ஐஎஸ்ஓ 9409 அமைப்பு உள்ள கையைத் தேர்ந்தெடுத்தால், நாளை அதே அமைப்புள்ள வேறு கைக்கு மாறினாலும் அதே தட்டு பொருந்தும். கிரிப்பரின் நடுவே ஸ்பிரிங் வைத்த ஒரு தள்ளுதட்டைச் சேர்ப்பது இன்னொரு நல்ல திருத்தம். சக் இறுகும் கணத்தில் ஜாப் தாடைக்கேற்ப நகர விரும்பும், கையோ அசையாமல் நிற்கும். அந்த இழுபறி தினமும் நூற்றுக்கணக்கான முறை மணிக்கட்டின் கியரில் போய் விழுகிறது. தள்ளுதட்டு ஜாப்பைச் சக்கின் முகத்தோடு அழுத்திப் பிடித்திருக்க, கிரிப்பர் முன்கூட்டியே விட்டுவிடலாம். விசை உணரி இல்லாத தொழில்துறைக் கைக்கு இதுவே போதுமான மாற்று.

கை எதுவாக இருந்தாலும், அதற்கு முன் லேத்தில் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. நீளமாகச் சுருண்டு வரும் எஃகுச் சில்லு ஜாப்பைச் சுற்றிக்கொண்டால், ஆள் கொக்கியால் இழுத்துப் போடுவார். ரோபோ அதோடு சேர்த்துப் பிடித்து அடுத்த ஜாப்பையும் கெடுக்கும். சில்லை உடைக்கும் வடிவமுள்ள டிப்புக்கு மாறி, டிப் நகரும் வேகமான ஃபீடைச் சரிசெய்து, சில்லு துண்டு துண்டாக விழும் நிலையை முதலில் கொண்டுவர வேண்டும். கிரிப்பரில் ஒரு காற்று நாசில் வைத்துச் சக்கின் முகத்தை ஒவ்வொரு முறையும் ஊதிவிடுவதும், சக் இறுகியதைப் பிரஷர் சுவிட்ச் உறுதிசெய்த பிறகே கிரிப்பர் விலகும்படி சிக்னல் அமைப்பதும் இதே வரிசையில் வரும். ரோபோ செல் சரியாக ஓடவில்லை என்ற புகார்களில் பெரும்பகுதியைத் தோண்டிப் பார்த்தால் வேர் இங்கேதான் இருக்கிறது.

தேர்வு

நாம் எடுத்துக்கொண்ட பட்டறைக்கு என் தேர்வு 900 மி.மீ. எட்டும், ஐபி67 உள்ள 7 கிலோ தொழில்துறைக் கை. கூலன்ட், இரவு முழுவதும் ஆளில்லாத ஓட்டம், ஒரே ஜாப்பின் நீண்ட தொகுதி ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் சீலுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். வேலி கட்டும் சிரமத்தை ஒருமுறை பட்டுவிட்டால் முடிந்தது. லேத்துகளை நகர்த்த முடிந்தால் கதவுகள் ஒன்றையொன்று பார்க்கும்படி திருப்பி நடுவில் கையை நிறுத்தலாம். முடியாவிட்டால் ஒரு லேத்துக்கு மட்டும் தொடங்குவது நல்லது, 911 மி.மீ.யை இழுத்துப்பிடித்து இரண்டுக்கும் பங்கிட்டால் கை எப்போதும் முழு நீட்டத்தில் வேலை செய்யும், அந்த நிலையில் கோணம் மாற்றிப் பிடிக்க இடமிருக்காது.

ஜாப் வாரத்துக்குப் பலமுறை மாறும், பகலில் ஆபரேட்டர் கூடவே இருப்பார், கூலன்ட் குறைவு அல்லது உலர் வெட்டு என்றால் நான் யூஆர்10இ அளவுள்ள கோபாட்டைச் சொல்வேன், 12.5 கிலோ அளவில் இரட்டை கிரிப்பருக்குத் தாராளமான இடம் கிடைக்கிறது, புதிய ஜாப்பைக் கையைப் பிடித்து நகர்த்தியே கற்பித்துவிடலாம். பழைய பெரிய கையை, சொந்தமாக மின்னணுப் பழுது பார்க்கும் ஆள் இருக்கும் இடத்தில், பெட்டி அடுக்குவது போன்ற உலர்ந்த, கனமான, சில மணி நேரம் நின்றாலும் வாடிக்கையாளருக்குத் தெரியாத வேலைக்கு மட்டும் வாங்கலாம்.

இந்தத் தேர்வு ஜாப்பின் எடையைப் பொறுத்தது. ஃபிளாஞ்சின் விட்டம் கூடி, உருண்டைத் துண்டு 3 கிலோவைத் தொட்டால், தாடைகளும் பெரிதாகி இரட்டை கிரிப்பரோடு மொத்தம் 9 கிலோவை நெருங்கும். அப்போது 7 கிலோ வகை முழுவதும் கணக்கிலிருந்து வெளியேறி, ஃபானுக் எம்-10ஐடி/12 போல 12 கிலோ தூக்கி 1441 மி.மீ. எட்டும் அடுத்த அளவுக்குப் போக வேண்டியிருக்கும். அடுத்த இரண்டு ஆண்டுகளில் எந்த அளவு ஜாப் வரக்கூடும் என்று வாடிக்கையாளர்களிடம் கேட்டுவிட்டு, அந்த எடையை வைத்து மேலே உள்ள கணக்கை மறுபடி போட்டுப் பார்த்த பிறகே விலைப்பட்டியல் கேட்கத் தொடங்க வேண்டும்.